அண்ணி வரைந்த சின்ன கேட்

என் அண்ணி உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். அண்ணன் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பம்பரம். "பம்பரத்துக்காவது கயிறு சுத்தணும். இவளுக்கு அதுவும் வேண்டாம்" என்பான்.

அண்ணியின் அப்பா ரோடு ரோலர் ஓட்டியவர். சாலை எங்கே போகிறதோ அங்கே குடும்பமும் போகும். ஒரு பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுப் பெண்ணோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும் என்று அண்ணி சொல்வார். ரோலர் வேகத்தில் வளர்ந்தவள் எப்படி இப்படிப் பறக்கிறாள் என்பது அண்ணனுக்கு இன்றுவரை தீராத சந்தேகம்.

வேலையும் அப்படித்தான். வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதினார். பொம்மைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அட்டையில் காடும் கடலும் செய்து வைத்தார். சோப்புப் பெட்டிக்கு லேபிள் வரைந்தார். கை பழகியதும் அந்த வேலை கசந்துவிடும், விட்டுவிடுவார். கடைசியாக ஒரு காபிக் கடையில் கரும்பலகை எழுதும் வேலை. காலையில் போய் அன்றைய விலைப்பட்டியலை எழுதி, கீழே மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு படம் போடுவார். குடைக்குள் ஒதுங்கிய ஒரு கோப்பை, பேப்பர் படிக்கும் ஒரு பூனை, இப்படி ஏதாவது. படத்தைப் பார்ப்பதற்காகவே சிலர் காபி குடிக்க வந்தார்கள். ராத்திரி கடை மூடும்போது துடைத்துவிடுவார்கள்.

அது மட்டும் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "நேத்து போட்ட பூனைக்கு இன்னிக்கு என்ன ஆச்சுன்னு யாருக்காவது தெரியணுமா இல்லையா? தினமும் முதல்லேர்ந்தா ஆரம்பிக்கிறது?" என்பார். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்து தொடர்ந்து போகிற வேலை ஒன்று வேண்டும் என்பது அவருடைய ஆசை. எதிலும் நிலைக்காதவருக்கு இப்படியோர் ஆசை இருப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் அவர் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும், நானும் சிரிக்க மாட்டேன்.

அந்தக் கடைக்குத் தினமும் வருகிறவர்களில் ஒருவர் பல் டாக்டர். பூங்காவில் திறந்தவெளிக் கச்சேரிகள் நடத்துவதற்காக அமைத்த குழுவுக்கு அவர்தான் செயலாளர். வாரம் ஒன்றாக ஐந்து கச்சேரி. தொடருக்கு 'புல்வெளி இசை' என்று பெயர். ஒரு நாள் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டே கேட்டுவிட்டார்.

"எங்களுக்கு வரைஞ்சு தரியாம்மா? போஸ்டர், நோட்டீஸ், தொண்டர்களோட பனியன்ல போட ஒரு சின்னம், எல்லாம் ஒரே சாயல்ல இருக்கணும்."

"அஞ்சுக்குமா சார்?"

"முதல்ல ஒண்ணு போடு. கூட்டம் எப்படி வருதுன்னு பார்த்துட்டு மீதி நாலையும் முடிவு பண்றோம்."

அண்ணி வீட்டுக்கு ஓடிவந்தார். வரும் வழியில் செருப்பு அறுந்ததுகூடத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் முன்னறை ஒன்றுதான் பெரிது. அதன் ஒரு கோடியில் என் தையல் மிஷின். ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பது என் வேலை. இன்னொரு கோடியில் அண்ணியின் மேஜை. நடுவில் இருக்கும் இடம் அண்ணி நடப்பதற்கு. அந்த வாரம் முழுக்க அவர் வரைந்து கசக்கிப் போட்ட தாள்கள் என் மிஷின் காலடி வரை உருண்டு வந்தன. கிடார் வாசிக்கும் மரம் ஒன்று. பறவைகள் வரிசையாக உட்கார்ந்த ஐந்து கம்பிகள் ஒன்று. பாட்டுக் கேட்கும் நிலா ஒன்று.

"நிலாவுக்குக் காது வெச்சா பிடி வெச்ச கப்பு மாதிரி இருக்கு" என்று அதையும் கசக்கினார். "ஏய் வாயாடி, ஏதாவது சொல்லேன்."

நான் அதிகம் பேச மாட்டேன். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் அது. அண்ணன் என்னை ஊமைக்கோட்டான் என்பான். இரண்டில் இது எவ்வளவோ மேல்.

எங்கள் தெரு பூங்காவின் மதிலுக்குப் பின்னால் இருக்கிறது. வெல்டிங் பட்டறை, சலவைக்கடை, பிறகு வரிசையாக வீடுகள். மதிலில் ஒரு சின்ன கேட் உண்டு. ஆள் உயரத்துக்குக் கம்பிக்கூண்டு, உச்சியில் ஒரு முக்கோணத் தகடு, உள்ளே சுழலும் கம்பிகள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் தள்ளிக்கொண்டு போக முடியும். தள்ளினால் முனகும். பூங்காவுக்குப் போவது, பூங்காவைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போவது, எல்லாமே எங்களுக்கு அந்த வழியில்தான்.

அந்த வார முடிவில் ஓட்டல் ஒன்றுக்குத் தைத்த திரைகளை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போனேன். பாதி சுழன்றதும் மூட்டை கம்பியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. எனக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எனக்குச் சத்தம் போட வாய் வரவில்லை. அப்போது அண்ணி வந்தார். அப்பாடா என்றிருந்தது. அவர் கூண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு இடுப்பிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"அசையாதே! அப்படியே இரு!"

"அண்ணி, நான் எங்க அசையறது?"

"பேசவும் பேசாதே. கன்னம் மாறுது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு மூட்டையைப் பிடித்துத் தள்ளினார். அண்ணி அவரையும் வரைந்துகொண்டார்.

மறுநாள் மாலைக்குள் போஸ்டர் தயார். சின்ன கேட்டில் ஆள் உயர வயலின் ஒன்று தொப்பை பிதுங்க மாட்டிக்கொண்டு நிற்கிறது. பின்னால் ஒரு பெரிய மேளம் தோள் கொடுத்துத் தள்ளுகிறது. புல்லாங்குழல் மட்டும் கம்பி இடுக்கில் நுழைந்து உள்ளே போய்விட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. கம்பிகளுக்கு அப்பால் புல்லும் ஏரியும். 'புல்வெளி இசை' என்ற எழுத்துகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைகின்றன. சின்னம் இன்னும் அழகு. சுழல் கம்பியை நேர் மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று வரைந்திருந்தார். வட்டத்துக்குள் நான்கு கம்பிகள், நான்கு இதழ் பூ மாதிரி. மஞ்சளும் கரும்பச்சையும் தவிர வேறு நிறம் இல்லை. அடுத்தடுத்த கச்சேரிகளுக்கு அதே கேட்டில் யார் யார் மாட்டுவார்கள் என்பதையும் பென்சிலில் போட்டு வைத்துவிட்டார்.

குழுவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"என்னா கற்பனைன்னு டாக்டர் மூணு தடவை சொன்னாருங்க" என்று அண்ணி அண்ணனிடம் சொன்னார்.

"வயலினுக்குத் தொப்பை வெச்சா கற்பனைதானே. என்னைப் பார்த்துதானே வரைஞ்சே?"

எங்கள் வீட்டில் யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. பூங்கா என்றால் அந்த கேட். அதை வரையாமல் வேறெதை வரைவது?

போஸ்டர்கள் ஊரெங்கும் ஏறின. பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, பள்ளிக்கூட மதில். அண்ணி தினமும் ஒரு சுற்றுப் போய் உரிந்த மூலைகளை எச்சில் தொட்டு ஒட்டிவிட்டு வந்தார். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் போஸ்டரைத் தன் பிள்ளைக்குக் காட்டிச் சிரித்ததை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும், "எப்படிச் சிரிச்சா? பல் தெரிஞ்சா, தெரியாமயா?" என்று அண்ணி என்னைக் குடைந்து எடுத்துவிட்டார்.

முதல் கச்சேரி அன்று புடவையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு கடைசியில் முதலில் கட்டியதையே கட்டினார். வெயில் தாழ்ந்ததும் மூவரும் வாசலுக்கு வந்தோம். எங்கள் தெருவில் கால் வைக்க இடமில்லை.

"பார்த்தியா!" என்று அண்ணி என் கையைக் கிள்ளினார். "கூட்டத்தைப் பார்த்தியா!"

குடும்பம் குடும்பமாக நின்றார்கள். சிலர் கையில் நோட்டீஸ் இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து கேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, "இதேதான், அந்த முக்கோணத் தகடுகூட இருக்கு பாரு" என்று மகிழ்ந்துபோனார்கள். பிள்ளைகள் சுழல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். அது சுழலவில்லை. சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பொறுமையில்லாத ஒருவர் கம்பி இடுக்கில் நுழையப் பார்த்து இடுப்போடு மாட்டிக்கொண்டார். "அந்த வயலின் மாதிரியே இருக்கீங்க" என்று அவர் மனைவி கைகொட்டினாள்.

மதிலுக்கு அப்பால் எங்கோ தூரத்தில் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது.

"என்னங்க, ஏன் பூட்டியிருக்கு?" என்று அண்ணி வெல்டிங் பட்டறைக்காரரிடம் கேட்டார்.

"மத்தியானமே பூங்கா ஆளுங்க வந்து பூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. கூட்டம் ஒரே வழியா, பெரிய வாசல் வழியா வரணும்னு கச்சேரிக் குழுவே சொல்லிச்சாம்."

அண்ணியின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தைப் பார்த்தார். நோட்டீஸைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார்.

"வாயாடி," என்றார் மெதுவாக. "இவங்கள எல்லாம் நான்தான் இங்க கூட்டிட்டு வந்திருக்கேன்."

அடுத்த நொடி பட்டறை ஸ்டூல் மேல் ஏறி நின்றுவிட்டார். "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க! வழி அந்தப் பக்கம்! மதில் ஓரமா வாங்க!" என்று கத்தினார். குதித்தார், ஓடினார். கூட்டம் நகர்ந்தது. அண்ணன் முன்னாலும் பின்னாலும் ஓடி ஆட்களைத் திருப்பினான். கடைசி ஆளாக நான் நடந்தேன்.

பூங்கா மதில் நீளமானது. எங்கள் தெருவைத் தாண்டி, லாரிகள் நிற்கும் சந்தைத் தாண்டி, சாக்கடை மேல் போட்ட பலகையைத் தாண்டிச் சுற்ற வேண்டும். பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். சிலர் பஸ் ஏறித் திரும்பிப் போய்விட்டார்கள்.

சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் உரக்கவே திட்டிக்கொண்டு வந்தார். "போஸ்டர் வரைஞ்சவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"வரைஞ்சவன் இல்லீங்க, வரைஞ்சவ," என்றான் அண்ணன். "முன்னாடி ஓடறா பாருங்க. பிடிக்க முடிஞ்சா பிடிங்க. நானே இன்னும் பிடிக்கல."

பெரிய வாசலில் பல் டாக்டர் நின்றிருந்தார். இரண்டு கைகளும் தலைமேல். காலி ரோட்டைப் பார்த்தபடி அப்படியே நின்றார். உள்ளே வரிசை வரிசையாக நாற்காலிகள். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆட்கள். மேடையில் வாசிப்பவர்கள் வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மதில் முனையில் எங்கள் கூட்டம் திரும்பியதைப் பார்த்ததும் டாக்டர், "எங்கேர்ந்து வர்றீங்க எல்லாரும்?" என்று கத்தினார். அப்போதும் கையை இறக்கவில்லை.

கச்சேரி தாமதமாகத் தொடங்கியது. நன்றாகத்தான் இருந்தது என்று அண்ணன் சொன்னான். அண்ணி ஒரு பாட்டும் கேட்கவில்லை. நாற்காலிகளுக்குப் பின்னால் புல்லில் நடந்துகொண்டே இருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். "நீயும் வா. நான் எழுந்து ஓடிடாம பக்கத்துல உட்கார்ந்து பிடிச்சுக்கோ" என்று அண்ணி என்னையும் இழுத்துப் போனார். டாக்டரின் பல் ஆஸ்பத்திரியில், மாடி அறையில் கூட்டம். மேஜை மேல் பிளாஸ்டிக் பல்செட் ஒன்று வாய் பிளந்து கிடந்தது. டாக்டரோடு பொருளாளர் அம்மா இருந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர், கறாரானவர்.

"பூங்காவுக்கு அப்படி ஒரு கேட் இருக்கறதே எனக்குத் தெரியாது" என்றார் அவர்.

"நாங்க கற்பனைன்னு நினைச்சுட்டோம்மா" என்றார் டாக்டர். "நான் பெரிய வாசலுக்கு எதிர் வீட்டுலயே பிறந்து வளர்ந்தவன். பின்பக்கம் வந்ததே இல்ல."

"எனக்குப் பெரிய வாசல் தோணவே இல்ல சார்" என்றார் அண்ணி. "தப்பு என்னோடதுதான். ஊருக்கு வழி காட்டற படம்னு யோசிக்காம எங்க வீட்டு வழியைப் போட்டுட்டேன்."

பொருளாளர் அம்மாவுக்கு இதில் கொஞ்சம் மனம் இளகியதை நான் கவனித்தேன். ஆனால் வாய் இளகவில்லை. "அடுத்ததுக்குப் பெரிய வாசல் கண்டிப்பா வரணும். நாளை மறுநாள் கொண்டு வா. சரியா வரலைன்னா மீதி நாலுக்கும் என் மருமகன் எடுத்த போட்டோவைப் போட்டுடலாம். வாசல் பளிச்சுனு தெரியும்."

அன்று மாலையே அண்ணி பெரிய வாசலுக்குப் போனார். நானும் போனேன். உயரமான வளைவு, இரண்டு பக்கமும் தூண், நடுவில் லாரி போகிற அகலம். அண்ணி இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடந்தார். வளைவை வரைந்தார், அடித்தார். மேளத்தை உள்ளே நுழைய விட்டார், அடித்தார்.

"இதுல யானையே கைவீசிட்டுப் போகும். எதுவுமே மாட்டாது. மாட்டலைன்னா எனக்கு வரைய என்னடி இருக்கு?"

மறுநாள் விடிந்ததிலிருந்து முன்னறையில் நடை. மிஷின் சத்தம் பிடிக்கவில்லை என்றார். நிறுத்தினேன். அமைதி பிடிக்கவில்லை என்றார். மறுபடி ஓட்டினேன். கரும்பலகைக் கடைக்கும் போகவில்லை. "மருமகன் போட்டோவாம்" என்று சுவரிடம் சொன்னார். பென்சிலில் போட்டு வைத்திருந்த மற்ற நான்கையும் எடுத்துப் பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். எல்லாவற்றிலும் சின்ன கேட்.

அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது, "ஊரே உன் பின்னாடி நடந்துச்சு. அதைப் பார்க்க எனக்குக் குடுத்து வெச்சுது. உனக்குத்தான் குடுத்து வைக்கல, நீ திரும்பியே பார்க்கல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அண்ணி சட்டென்று நின்று என் பக்கம் திரும்பினார்.

"நீ கடைசியிலதானே வந்தே? என்ன பார்த்தே?"

"என்ன அண்ணி?"

"யார் யார் வந்தாங்க? எப்படி நடந்தாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

நான் தயங்கினேன். பிறகு துணியைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். சக்கர நாற்காலியில் வந்த பெரியவரின் மடியில் நான்கைந்து பேர் தங்கள் பைகளை வைத்துவிட்டார்கள், அவர் குவியலுக்கு மேலே தலை மட்டும் தெரிய உருண்டு வந்தார் என்றேன். குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்த பெண்ணைச் சொன்னேன். மதிலில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே வந்த சிறுமியைச் சொன்னேன். சாக்கடைப் பலகை வந்ததும் கல்யாணமான புதிதில் இருப்பதுபோல ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்ட வயதான தம்பதியை, பலகை தாண்டியதும் அவர்கள் சட்டென்று விட்டுவிட்டதை.

"அந்தத் திட்டினவரு?"

"அவர் பாதி வழியில யாரோ ஒருத்தர் குழந்தையைத் தோள்ல தூக்கிட்டாரு அண்ணி. குழந்தை அவர் காது ரெண்டையும் பிடிச்சுக்கிச்சு. அப்பவும் திட்டிக்கிட்டேதான் வந்தாரு."

அண்ணியின் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாமல் நான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தேன். தொண்டை வறண்டு நான் எழுந்து தண்ணீர் குடிக்கும்வரை அவர் நிமிரவில்லை.

மறுநாள் டாக்டரின் மாடி அறையில் அந்தப் படம் மேஜை மேல் விரிந்தது. இடது கீழ் மூலையில் சங்கிலி போட்ட சின்ன கேட். அங்கிருந்து மதில் வளைந்து வளைந்து தாள் முழுவதும் ஏறுகிறது. அதன் ஓரமாக ஊர்வலம். சக்கர நாற்காலி, செருப்பைத் தூக்கிப் பிடித்தவள், காதைப் பிடிக்கக் கொடுத்தபடி திட்டுகிறவர், அவர்களுக்கு நடுவில் தொப்பை வயலின், மேளம், முன்னால் ஓடிவிட்ட புல்லாங்குழல். வலது மேல் மூலையில் பெரிய வாசல். அதன் வளைவில் 'நுழைவு இங்கே' என்று தடித்த எழுத்து.

பொருளாளர் அம்மா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார். "வாசல் சின்னதா இருக்கே."

"எல்லாரும் அங்கதான் போறாங்க மேடம். பார்க்கறவங்க கண்ணும் அங்கதான் போகும்."

பொருளாளர் அம்மா விரலை மதில்மேல் வைத்து, கேட்டிலிருந்து ஒவ்வோர் ஆளாகத் தாண்டிக்கொண்டு போனார். திட்டுகிறவரிடம் வந்ததும் விரல் நின்றது. "இந்த ஆள் என் கடைக்கு வருவாரு. மாத்திரைக்கும் இப்படித்தான் திட்டுவாரு" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு விரல் நகர்ந்தது. வாசல்வரை போய்ச் சேர்ந்தது.

"போய்ச் சேர்ந்துட்டேன்" என்றார்.

டாக்டர் அதுவரை வாசலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வளைவுக்குக் கீழே பொடியாக ஓர் ஆள், தலைமேல் இரண்டு கைகளோடு.

"இது நானா?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பல்செட்டைப் பார்த்தேன்.

"ஆமாம் சார்."

"ஊர் முழுக்க ஒட்டுவாங்களே. கையை மட்டும் இறக்கிடேன்மா."

"இறக்கினா நீங்கன்னு தெரியாது சார்."

"தெரியாட்டா நல்லதுதானே?"

"அவ்ளோ தூரம் நடந்து வரவங்களுக்காக ஒருத்தர் தவிச்சுக்கிட்டு நிக்கறது தெரியணும் சார்."

"ஒரு கையாவது இறக்கேன்" என்று கெஞ்சினார் டாக்டர். "எங்கிட்ட பல் பிடுங்க வரவங்க இதைப் பார்த்தா பயந்துட மாட்டாங்களா?"

அண்ணி யோசித்தார். ரப்பரை எடுத்தார். நின்றபடியே குனிந்து ஒரு கையை அழித்தார். அந்தக் கையை முன்னால் நீட்டி, 'வாங்க, சீக்கிரம் வாங்க' என்று கூப்பிடுவதுபோல வரைந்தார். இன்னொரு கை தலையிலேயே இருந்தது. டாக்டர் தன் கையை அதேபோல நீட்டிப் பார்த்துக்கொண்டார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"சரி, அச்சுக்குக் குடுத்துடு" என்றார் பொருளாளர் அம்மா. "மூணாவது போஸ்டர்ல இவங்க எல்லாரும் உள்ள வந்துடறாங்களா? வந்து எங்க உட்காருவாங்க?"

அண்ணி பதில் சொல்ல அங்கே இல்லை. படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். "கேட்டுச் சொல்றேங்க" என்று அவர்களிடம் நான்தான் சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினேன்.